மெஷினுக்கு முகம் எந்தப் பக்கம்

குலுக்கல் முடிந்துபோன லாட்டரிச் சீட்டு ஒன்றைப் பலகைக்கும் மெஷினின் வெட்டும் பிட்டின் நுனிக்கும் நடுவே நுழைத்து, இடது கையால் அதை முன்னும் பின்னும் இழுத்தபடி, வலது கையின் ஒற்றை விரலால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறார் லயனல் மெண்டிஸ். ஒவ்வொரு தட்டுக்கும் பிட் ஒரு மயிரிழை இறங்குகிறது. சீட்டு தடையில்லாமல் ஓடுகிறது. இன்னொரு தட்டு. ஓடுகிறது. இன்னொன்று. சீட்டு சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

"கடிச்சிருச்சு," என்கிறார் லயனல். தூண்டிலில் மீன் கடித்தால் வரும் உற்சாகம் அந்தக் குரலில் இல்லை. நாய் கடித்தவர் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும் குரல் அது.

சீட்டு கடிபடும் அந்த இடம்தான் ஜீரோ. எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதை மெஷின் அங்கிருந்துதான் அளக்கும். ஜீரோ பிசகினால் எல்லாம் பிசகும். இதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள். லயனல் வாங்கவில்லை. "இருபத்தாறு வருஷமா லாட்டரி வாங்குறேன். இந்த ஒண்ணுக்குத்தான் அது உதவியிருக்கு. அதையும் ஏன் கெடுக்கணும்?" என்பார். ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. குலுக்காத சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கும். அதைப் பிட்டுக்கு அடியில் வைக்க மாட்டார், மடிக்க மாட்டார், வியர்வை படவும் விடமாட்டார். குலுக்கல் முடிந்த மறுநிமிடம் அது பட்டறைச் சாமான்.

மொறட்டுவையில், லயனல் குடியிருக்கும் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், வீட்டுக்கு வீடு மரம் அறுக்கும் வாள் ஓடும். கட்டிலும் அலமாரியும் பிறந்துகொண்டே இருக்கும். லயனல் மட்டும் தச்சரல்ல. முப்பத்தோரு வருடம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் பழுது பார்த்தவர். தொழிற்சாலை ஒரு வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. திங்கட்கிழமை அவருக்கு எழும்ப ஒரு காரணம் தேவைப்பட்டது. அதைச் சீனாவிலிருந்து பெட்டியில் வரவழைத்தார். பெயர் சி.என்.சி. ரூட்டர். மேசையில் வைக்கிற அளவு. கணினியில் எழுத்தோ படமோ கொடுத்தால், சுழலும் பிட் பலகையில் அதைச் செதுக்கித் தரும் என்று விளம்பரம் சொன்னது. பெட்டிக்குள் மெஷின் இருக்கவில்லை. மெஷினாக வேண்டிய இரும்புச் சாமான்கள் இருந்தன.

பதினாறு பக்கக் கையேட்டில் பதினொரு பக்கம் எச்சரிக்கை. எப்படிப் பொருத்திப் பூட்டுவது என்பதற்கு ஒரே ஒரு படம், அதுவும் மெஷினை ஏற்கெனவே பூட்டி முடித்த பிறகு எடுத்தது. நான்கு நாள் பூட்டினார். முடிவில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. இரண்டு வருடமாகியும் அது எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை. அதையும் சட்டைப் பையில், குலுக்காத சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். யாராவது மெஷினைப் புகழ்ந்தால் அந்த ஸ்க்ரூவை எடுத்துக் காட்டுவார். "இது இல்லாமலே ஓடுது. அதுதான் எனக்குப் பயம்."

முதல் நாள் ஒரு மோட்டாரின் வயர்களைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டார். மேலே போ என்றதும் பிட் கீழே போனது. பலகையைத் துளைத்து, அடித்தட்டையும் துளைத்து, அதற்குக் கீழே இருந்த தேக்கு மேசையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி தோண்டி, அப்புறம்தான் நின்றது. இரங்கனியின் அப்பா சீதனமாகக் கொடுத்த மேசை. எதிர்வீட்டுத் தச்சர் வாசலில் இருந்தே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன லயனல் அண்ணே, தண்ணி வந்துச்சா?"

இன்றுவரை ஒழுங்கையில் அந்தக் குழிக்குப் பெயர் கிணறு. கணவன்மார் செய்த பிழைகளை மனைவிமார் வரிசைப்படுத்தும்போது இரங்கனிக்கு மட்டும் வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை. மேசை விரிப்பை ஒரு ஓரமாகத் தூக்கினால் போதும்.

மெஷின் முன்னறையில் இருக்கிறது, வேறு அறை இல்லாததால். சோபா பழைய சேலைக்குள் ஒளிந்திருக்கிறது. சுவரில் இருக்கும் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெண் இருவருக்கும் மரத்தூளால் தலை நரைத்துவிட்டது. நிஜத்தில் நரைத்ததற்கு ஒரு வருடம் முந்தியே அங்கே நரைத்தது. மெஷின் ஓடும் நேரமெல்லாம் லயனல் ஒரு கையில் தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே தயாராக, ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றி மாற்றி நிற்பார். அதை விட்டுவிட்டு நகர முடியாது. பிட் முறியலாம், பலகை நழுவலாம், வயர் சிக்கலாம்.

"மனுசன் வேலை செய்தா இடையில உக்காரலாம்," என்பார். "மெஷின் வேலை செய்தா மனுசன் நின்னுக்கிட்டே இருக்கணும். இதுக்குப் பேரு முன்னேற்றம். என்னத்தைச் செய்ய."

'என்னத்தைச் செய்ய' என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அறுபதைத் தாண்டியதும் களைத்து விட்டுவிட்டார்கள்.

வீட்டுப் பெயர்ப்பலகை, 'நாய் உண்டு ஜாக்கிரதை', டாக்டரின் நேர அட்டவணை, இதுதான் வேலை. சிங்கள எழுத்துகள் பிட்டுக்கு இதம். எல்லாமே உருண்டை, வழுக்கிக்கொண்டு போகும். மருந்துக் கடைக்காரர் தமிழிலும் ஒரு வரி கேட்டபோது லயனல் பெருமூச்சு விட்டார். "உங்க எழுத்துல மூலை கூடுதல் மாத்தயா. ஒவ்வொரு மூலையிலும் இது நின்னு யோசிக்குது."

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது கால். மெஷினுக்கு நான்கு கால். வீட்டுத் தரைக்கும் கிணறு உள்ள மேசைக்கும் மட்டம் கிடையாது. ஒரு கால் தாழ்ந்தால் மெஷினின் சட்டம் ஈரத்துணி மாதிரி லேசாக முறுக்கிக்கொள்ளும். அப்போது பலகையின் ஒரு முனை பிட்டுக்குக் கிட்டவும் மறு முனை எட்டவும் போய்விடும். எழுத்து ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வரும். ஆறு மாதம் மல்லுக்கட்டிய பிறகு, வலது பின்காலுக்கு அடியில் பழைய லாட்டரிச் சீட்டு மூன்றை மடித்துச் செருகினால் சட்டம் நேராகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு போதாது, நான்கு கூடிப்போகும். மூன்று. அந்தக் கண்டுபிடிப்பைப் பாராட்ட உலகத்தில் ஒருவரும் இல்லை. என்னத்தைச் செய்ய.

இப்படி இருந்த மனிதரிடம்தான் மார்ச் கடைசியில் சோமா அக்கா பலகையோடு வந்தார்.

சோமலதா மூன்று வீடு தள்ளி இருப்பவர். சந்தியில் மீன் விற்பவர். புருஷன் வில்பிரட் பெர்னாண்டோ நாற்பது வருடம் கடலுக்குப் போய் வந்தார். கடல் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியது. கொசு ஒரே தடவை கடித்தது, டெங்குக் காய்ச்சலில் ஜனவரியில் போய்விட்டார். அவருடைய தோணியை அண்ணன் தம்பிமார் வந்து 'இது குடும்பச் சொத்து' என்று சொல்லி அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏற்றும்போது பக்கத்திலிருந்து பிளந்து விழுந்த துண்டு ஒன்றுதான் சோமா அக்காவின் கையில் மிஞ்சியது. ஒன்றரை அடி நீளம். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த தோணி என்பதால் ஓரத்தில் வரிசையாகத் தையல் துளைகள். தையல் மெஷின்காரர் அந்தத் துளைகளை விரலால் எண்ணிப் பார்த்தார். இடைவெளி பிசகவில்லை.

"இதுல அவர் பேரை வெட்டித் தா தம்பி. அவர் போன மூணாம் மாசத் தானத்துக்குப் பிக்குமார் வாறாங்க. அவனுங்களும் வருவானுங்க. வாசலுக்கு மேல அடிக்கப் போறேன்."

"முழுப் பேரும் இதுல பிடிக்காது அக்கா. உங்க வாசகமப் பேரே, அந்தப் பரம்பரைப் பேரே ரெண்டு முழம்."

"வில்பிரட் பெர்னாண்டோன்னு மட்டும் போடு. வாசகமத்தை எல்லாம் தோணியோட கொண்டு போயிட்டானுங்க." பலகையை நீட்டியவர் உடனே கையை விடவில்லை. "வேற துண்டு இல்ல, தெரியுமில்ல? இதுலயும் கிணறு தோண்டிடாத."

லயனல் காந்தம் வைத்துத் தடவி உள்ளே இரும்பு இல்லை என்று பார்த்தார். உப்பேறிய ஈரப்பலா மரத்தைத் துடைத்து நிழலில் காயவைத்தார். கழித்துப் போட்ட பழம் பலகை ஏழில் அதே பெயரை வெட்டிப் பார்த்தார். ஏழு வில்பிரட்டுகள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றன. அன்றிலிருந்து ராத்திரி அவருக்குத் தூக்கம் குறைந்தது. பிழைத்தால் இன்னொரு பலகை வெட்டலாம் என்கிற தைரியத்தில்தான் இந்த மெஷினோடு இதுவரை குடித்தனம் நடந்தது. இதற்கு இன்னொரு பலகை இல்லை. தினமும் சாயங்காலம் அந்த வழியே மீன் கூடையோடு போகும்போது சோமா அக்கா உள்ளே பார்ப்பார். கேட்க மாட்டார். கேட்டாலாவது பரவாயில்லை.

"நாளைக்கு வெட்டுறேன்," என்று பன்னிரண்டு நாள் சொன்னதில் சித்திரை பிறந்துவிட்டது.

பழைய வருடம் போய்ப் புது வருடம் வருவதற்கு நடுவில் சில மணி நேரம் எந்த வேலையும் செய்யக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. லயனலுக்கு வருடத்தில் பிடித்த நேரம் அது ஒன்றுதான். நாடு முழுக்கச் சும்மா இருக்கும்போது தானும் சும்மா இருப்பதில் குற்றம் இல்லை. சோபாவின் சேலையை விலக்கி, வாய் திறந்து தூங்கினார். அவர் தூங்கிய நேரம் சுப நேரம் அல்ல என்பது பிறகு தெரிந்தது.

அடுத்து வருவது வேலை தொடங்கும் நேரம். அந்த வருடத்துக்குச் சோதிடர்கள் குறித்துக் கொடுத்தது காலை பத்து இருபத்திரண்டு, பச்சை உடுத்து, கிழக்கே பார்த்து. லயனலின் திட்டம் சின்னது. ஒரு பழம் பலகையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பால்சோறு தின்னப் போவது.

"ஒரு கோடா?" பச்சைச் சேலையில் இரங்கனி இடுப்பில் கை வைத்தார். "முதல் வேலை பழம் பலகையில தொடங்கினா வருசம் முழுக்கப் பழம் பலகைதான். சோமா அக்காட பலகையை வையுங்க."

"அதுக்கு ஆற அமர நாலு மூலையும் ஜீரோ பாக்கணும் இரங்கனி. பட்டாசுக்கு நடுவுல செய்ற வேலையில்ல."

"பன்னிரண்டு நாள் ஆற அமரத்தானே இருந்தீங்க?"

லயனல் மேசைப் பக்கம் திரும்பினார். அவர் தூங்கி எழுவதற்குள் மெஷின் முகம் திரும்பியிருந்தது வேறு. மேசை சுவர்ப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றது.

"இதை யார் திருப்பினா?"

"நானும் எதிர்வீட்டு அண்ணனும். நேற்று நீங்க தூங்கினப்போ கூட்டித் துடைச்சி கிழக்கே பாக்க வச்சாச்சு. அது சாஸ்திரத்துக்கு, வேலைக் கணக்குல வராது."

"மெஷினுக்கு முகம் எந்தப் பக்கம்னு உனக்கு யார் சொன்னா?"

"வயர் இருக்கிறது முதுகு. அப்போ மற்றது முகம்."

"அது கீழே மட்டும்தான் பாக்கும் இரங்கனி. எந்த ஊர்லயும் கீழேதான் பாக்கும்."

"அப்போ கிழக்கே பாத்துக்கிட்டு கீழே பாக்கட்டும்."

பச்சைக்காக, பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலில் இரங்கனி பச்சை ரிப்பன் கட்டியிருந்தார். அதை மட்டும் லயனல் அவிழ்த்தார். சுழல்கிற சாமானில் துணி கட்டினால் அது அடுத்து சேலையைப் பிடிக்கும் என்றதும் இரங்கனி இரண்டடி பின்னால் போனார். பத்து பதினேழு. பலகையைக் கிளாம்ப்பில் இறுக்கினார். இடது முனையில் சீட்டை நுழைத்து ஜீரோ பிடித்தார். கடித்தது. வலது முனைக்குப் போக வேண்டும். தொலைக்காட்சியில் ஒருவர் நிமிடத்தை எண்ணத் தொடங்கினார். ஒழுங்கையில் முதல் பட்டாசு வெடித்தது.

"இருபத்திரண்டாச்சு!" என்றார் இரங்கனி. "என்னத்தைப் பாக்குறீங்க? தொடங்குற பொத்தானை அமத்துங்க!"

அமத்தினார்.

நாற்பது வீட்டு வாள்களும் ஒரே நொடியில் அலறின. எல்லோருக்கும் அதே நேரம்தானே. அந்த இரைச்சலுக்குள் லயனலின் பிட் பலகையில் இறங்கி, வில்பிரட்டின் முதல் எழுத்தைச் சுழித்தது. ஆழம். சுத்தம். பொன் நிறத் தூள் குழாய்க்குள் ஓடியது. இரண்டாவது எழுத்து. மூன்றாவது. லயனல் மூச்சு விட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை இரங்கனி பார்த்தார்.

முப்பத்தோரு வருடம் மெஷின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்ன காது அது. பெர்னாண்டோ தொடங்கியதும் அந்தக் காது நிமிர்ந்தது. பிட்டின் உறுமல் மெலிகிறது. தூள் குறைகிறது. உறுமல் முனகலாகி, முனகல் கொசு மாதிரி ஆயிற்று. சிவப்புப் பொத்தானுக்கு மேலே இருந்த கை இறங்கியது.

"நிப்பாட்டாதீங்க! சுப வேலை நடுவுல நிக்கக் கூடாது!"

அவருக்குச் சுபத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பொத்தானை அடித்தால் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும், மறுபடி தொடங்கும்போது எழுத்து எழுத்தின்மேல் ஏறும், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அடித்தாலும் கெட்டது, அடிக்காவிட்டாலும் கெட்டது. கை அந்தரத்திலேயே நின்றது. மெஷின் தன் பாட்டுக்குக் கடைசி எழுத்துவரை போய், ஒரு முடி விழுந்த மாதிரி கோடு கிழித்துவிட்டு, மேலே எழும்பி நின்றது.

லயனல் குனிந்து வலது பின்காலைப் பார்த்தார். அடியில் வெறும் மேசை மரம்.

"இங்க மூணு சீட்டு இருந்திச்சு."

"விளக்குக்கிட்ட பூவோட வச்சிருக்கேன்," என்றார் இரங்கனி, பெருமையாக. "உங்க ராசிச் சீட்டுங்க. கடகம். நண்டுப் படம் போட்டிருக்கு, பாக்கல்லியா? உங்க ராசியை நீங்களே மெஷின் காலுக்கு அடியில மிதிக்க வச்சா வீடு எப்படி உருப்படும்? அதான் முதல் வேலையா எடுத்தேன்."

கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். லயனல் பலகையின் தூளைத் தூரிகையால் தட்டினார். வில்பிரட் பள்ளம் பள்ளமாக நின்றது. பெர்னாண்டோ வலப்பக்கம் போகப் போக இளைத்து, கடைசியில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. என்னத்தைச் செய்ய என்று சொல்ல வாயெடுத்தார். அதுவும் வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. பழைய வெள்ளை உடுப்பில் சோமா அக்கா. செத்த வீட்டுக்கு அந்த வருடம் புது வருடம் கிடையாது. ஒழுங்கையே நேரம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க, அவர் மட்டும் நடுத்தெருவில் நடந்து வந்திருந்தார்.

"இந்த நேரத்துல வெளியே வந்தீங்களா அக்கா?" என்றார் இரங்கனி.

"எனக்கு இந்த வருசம் நல்ல நேரமும் இல்ல, கெட்ட நேரமும் இல்ல. சும்மா நேரம்தான். மெஷின் சத்தம் கேட்டுச்சு." லயனலின் முகத்தைப் பார்த்தார். "கிணறா?"

லயனல் கிளாம்ப்பைத் தளர்த்தி, பலகையை இரண்டு கையாலும் நீட்டினார்.

சோமா அக்கா கண்ணாடி கொண்டுவரவில்லை. மீன் செதிள் வெட்டித் தழும்பேறிய விரலைப் பள்ளத்தில் வைத்து மெல்லத் தடவிக்கொண்டு போனார். வில்பிரட் முழுக்க விரல் இறங்கி இறங்கி ஏறியது. அப்புறம் விரல் மேலே வந்தது. பலகையின் கடைசியில் சும்மா வழுக்கியது.

"கடைசியில மெஷினுக்குப் பசி வந்திருச்சா?"

"பிழை என்னோடதுதான் அக்கா. மற்ற மூலையைப் பாக்காம விட்டுட்டேன். இதைத் திருப்பி அதே இடத்துல வச்சுக் காலைச் சரி பண்ணி, இன்னொரு தரம் ஓட்டினா மெலிஞ்சதெல்லாம் ஆழமாயிரும். ஆனா மயிரளவு தள்ளிப் போனாலும் இருக்கிறதும் போயிரும். நீங்க சொன்னா செய்றேன்."

"எது மங்கிப் போச்சு?"

"பெர்னாண்டோ."

சோமா அக்கா இன்னொரு தரம் தடவினார். இந்தத் தடவை பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில பதினொரு நாள் கிடந்தார். ஒரு பெர்னாண்டோ வந்து பாக்கல்ல. தோணிக்கு மட்டும் ஏழு பேர் வந்தானுங்க." பலகையைச் சேலை முந்தானையில் சுற்றினார். "வில்பிரட் ஆழமா இருக்கில்ல? போதும். மற்றதை அவனுங்க வாசல்ல நின்னு தேடிப் பாக்கட்டும்."

"சரியான வேலை இல்ல அக்கா இது," என்றார் லயனல். குரலில் மன்றாட்டு இருந்தது. "எனக்குத் தெரியும், சரியான வேலை இல்ல."

"நான் சரியான வேலை கேட்கல்லியே தம்பி. அவர் பேரைக் கேட்டேன்."

இரங்கனி தட்டில் எண்ணெய்ப் பணியாரத்தை வைத்து, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். சோமா அக்கா தானே ஒன்றை எடுத்துக்கொண்டார். "நேரம்தான் இல்ல. வாய் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கடித்தபடியே பட்டாசுப் புகைக்குள் நடந்து போனார்.

பால்சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரங்கனி இரண்டு தரம் கூப்பிட்டார். லயனல் விளக்கடியில் பூவோடு இருந்த மூன்று சீட்டுகளையும் பார்த்தார், அவற்றுக்குக் காவலாக நின்ற இரங்கனியையும் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டார். மிஞ்சிய ஸ்க்ரூ விரலில் தட்டுப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டுச் சீட்டை எடுத்தார். நண்டு. குலுக்கல் நாளைக்கு.

எண்களை அவர் படிக்கவில்லை. சீட்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்து, மூன்று சீட்டின் தடிப்பு வரும்வரை நகத்தால் நீவினார். ஒரு கையை மேசையில் ஊன்றி முழங்கால் போட்டு, மெஷினின் வலது பின்காலைத் தோளால் முட்டி உயர்த்தி, நண்டை அதன் அடியில் தள்ளினார்.